தோட்டத்தில் இருக்கிறதல்லவா, அப்புறமென்ன?

அழிந்துபோன உயிர் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால், ஐந்து நொடியில் அதை முடித்துவைக்க நம்மிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. "அதான் தோட்டத்துல இருக்குல்ல, அப்புறம் என்ன?" மிருகம் என்றால் "ஜூல இருக்கே" என்று வரும். விதை என்றால் "எங்கயோ பனிக்குள்ள சேத்து வெச்சிருக்காங்களாமே" என்று வரும். சொல்கிறவருக்கு நிம்மதி, கேட்கிறவருக்கும் நிம்மதி. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அந்த நிம்மதி எவ்வளவு பொய்யானது என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன். என் கையில் இருக்கும் சாட்சி ஒரு துலிப்.

துலிப் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். 'அந்நியன்' படத்தின் 'குமாரி' பாட்டு. நெதர்லாந்து வயல்களில் சிவப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை, ஊதா ஒரு பட்டை என்று அடிவானம் வரைக்கும் கோலப்பொடியைக் கொட்டிவைத்த மாதிரி. இல்லையென்றால் ஏப்ரலில் ஸ்ரீநகர் போய்வந்த நண்பர்கள் போடும் ரீல்ஸ். நான் பேசப்போகும் துலிப்புக்கும் அந்தப் பட்டைகளுக்கும் உள்ள உறவு, காட்டுக்கோழிக்கும் பிராய்லருக்கும் உள்ள உறவு. வம்சம் ஒன்றுதான். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைத் தெரியும் என்று சொல்லக் கூடாது.

முதலில் ஒரு விஷயம். துலிப் ஹாலந்துப் பூவே கிடையாது. துலிப்பின் காட்டினங்கள் மத்தியதரைக் கடலோரத்தில் தொடங்கி துருக்கி, ஈரான் வழியாக மேற்குச் சீனம் வரை பரவியிருக்கின்றன. அவை மிக அடர்ந்திருப்பது மத்திய ஆசியாவின் தியென் ஷான், பாமிர்-அலாய் மலைகளில். ஐரோப்பியர் தோட்டங்களுக்கு அது வந்து சேர்ந்தது பதினாறாம் நூற்றாண்டில், உதுமானியர்களின் வழியாக. லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்குப் பொறுப்பாக 1593-இல் வந்த க்ளூசியஸ் தன்னோடு கிழங்குகளைக் கொண்டுவந்து நட்டார். அவர் தோட்டத்தில் புகுந்து கிழங்குகளைத் திருடிப்போனார்கள் என்பது பிரசித்தமான கதை. ஆக, ஹாலந்தின் துலிப் வரலாற்றிலேயே திருட்டு ஆரம்ப அத்தியாயத்தில் வந்துவிடுகிறது. 1637-இல் கிழங்கு விலை மண்ணைக் கவ்விய கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதை விடுவோம். துலிப்பைப் பற்றி எழுதினாலே அந்தச் சூதாட்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஏதோ சட்டம் இருப்பதுபோல நடந்துகொள்கிறார்கள். பூவைவிடப் பூவின் விலை நமக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது.

இப்போது என் சாட்சிக்கு வருகிறேன். பெயர் துலிப்பா ஸ்ப்ரெங்கெரி. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் உயரம், பளபளக்கும் ஒடுங்கிய இலை, ஒற்றைச் சிவப்புப் பூ. வெளியிதழ்களின் முதுகில் மட்டும் மங்கலாக ஒரு பொன்னிறம். பல சிவப்புத் துலிப்புகளின் அடியில் கறுப்புக் கறை இருக்கும், இதில் கிடையாது. மற்ற துலிப்புகளெல்லாம் பூத்து, உதிர்ந்து, மே மாதக் கடைசியில் தோட்டக்காரர்கள் அவற்றை மறந்தே போன பிறகு இது நிதானமாகப் பூக்கும். துலிப் இனத்திலேயே கடைசியாக வருவது. பாதி நிழலையும் பொறுத்துக்கொள்ளும். இங்கிலாந்துத் தோட்டங்களில் தானாகவே விதை சிந்தி, புல்லுக்கு நடுவிலெல்லாம் முளைத்து நிற்கிறது. இணையத்தில் விதைப் பொட்டலமாகவே வாங்கலாம்.

அதன் ஊர் வடக்குத் துருக்கியில் இருக்கும் அமாஸ்யா. அங்கே அது இல்லை. காட்டுச் செடியாக அது எங்குமே இல்லை.

"இயற்கையில் அற்றுப்போனது" என்று இதற்கு ஒரு வகைப்பாடு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு பெரிய சண்டை இல்லை. அதில் பாதி உண்மையாவது இருக்கிறது. என் சண்டை, அந்தச் சொல்லுக்குப் பின்னால் உடனே ஒட்டிக்கொண்டு வரும் "ஆனால் காப்பாற்றப்பட்டுவிட்டது" என்ற வாலோடு. தோட்டக்கலை எழுத்துகளில் இந்த வாலைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சொந்த மண்ணில் அழிந்தாலும் நம் தோட்டங்களில் செழிக்கிறது, என்ன ஒரு அதிர்ஷ்டம், நீங்களும் பத்து விதை வாங்கித் தூவுங்கள்! யார் காப்பாற்றினார்கள், யாரிடமிருந்து, எதை என்ற மூன்று கேள்வியும் அந்த ஒரு வரியில் காணாமல் போகின்றன.

அமாஸ்யா எப்படிப்பட்ட ஊர் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். யெஷிலிர்மாக் ஆறு மலையைக் குடைந்துகொண்டு போகும் இடுக்கில் ஊர். மேலே செங்குத்துப் பாறையில் பழைய பொந்தஸ் அரசர்களின் கல்லறைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். புவியியல் எழுதிய ஸ்ட்ராபோ இங்கே பிறந்தவர். ஆப்பிளுக்குப் பேர்போன இடம். வடக்கே கருங்கடலின் ஈரம், தெற்கே அனத்தோலியப் பீடபூமியின் வறட்சி, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மலைகள். நம் துலிப் இந்த மலைகளில் எந்த உயரத்தில், எந்த மண்ணில், எந்தச் செடிகளின் காலடியில் வளர்ந்தது? தோட்டத்தில் அது நடந்துகொள்வதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நிழலைப் பொறுக்கிறதா, அப்படியானால் புதர்க்காட்டின் ஓரமாக இருந்திருக்கலாம். தாமதமாகப் பூக்கிறதா, அப்படியானால் கோடைத் தொடக்கத்திலும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும் சரிவாக இருந்திருக்கலாம். சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போன ஒருவரின் பேச்சை வைத்து, "நீங்க திருநெல்வேலிப் பக்கமா?" என்று கேட்போமே, அந்த மாதிரி. பேச்சில் ஊர் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். தெரு மிஞ்சாது.

எப்படிப் போயிற்று? 1890-களில் ஐரோப்பாவின் கிழங்கு வியாபாரிகளுக்குப் புதுச்சரக்கின் மேல் அடங்காத பசி. வருடா வருடம் விலைப்பட்டியலில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். நேப்பிள்ஸ் நகரத்தில் டம்மான் என்ற நாற்றங்கால் நிறுவனம். அதில் பங்குதாரராக இருந்த ஜெர்மானியர் கார்ல் ஷ்ப்ரெங்கர். அமாஸ்யாவிலிருந்து கிழங்குகள் அவர்களுக்குப் போயின. 1894-இல் லண்டன் க்யூ தோட்டத்தின் தாவரவியலாளர் ஜான் கில்பர்ட் பேக்கர் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். பெயர் யாருடையது? வியாபாரியுடையது. அமாஸ்யா அந்தப் பெயரில் இல்லை. தோண்டியவர்கள் இல்லை. வாங்கி விற்றவர் இருக்கிறார். தாவரவியலில் இது சகஜம் என்பார்கள். சகஜமான விஷயங்களைத்தான் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காட்டுத் துலிப் ஒன்றைத் தோண்டி எடுப்பதற்கு என்ன அர்த்தம் என்று அதன் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும். விதை விழுந்து முளைத்து முதல் பூ வருவதற்குக் குறைந்தது நான்கைந்து வருடம். அந்த வருடங்களில் வெளியே தெரிவது புல் மாதிரி ஒற்றை இலை மட்டும். வேலையெல்லாம் மண்ணுக்குள் நடக்கிறது. இளங்கிழங்கு விழுது மாதிரி ஒன்றைக் கீழே இறக்கி, அதன் நுனியில் புதுக்கிழங்காகி, வருடத்துக்கு வருடம் ஆழமாகப் போகும். மேலே வெயிலும் உழவும் எட்டாத ஆழத்தைத் தேடிப் போகிற செடி அது. கோடை முழுக்க அங்கே தூக்கம். குளிர்காலத்தின் குளிரை வாங்கினால்தான் மொட்டு ஒழுங்காக வெளியே வரும். இப்படி ஐந்து வருடம் மண்ணுக்குள் நடந்து முடிந்த ஒரு செடியை, அது பூத்து "இதோ இருக்கிறேன்" என்று தன்னைக் காட்டிக்கொடுக்கும் வாரத்தில் குறிவைத்துத் தோண்டுகிறார்கள். பூத்ததைத்தான் தோண்ட முடியும், பூக்காததைக் கண்டுபிடிக்க முடியாது. ஆக, மலையிலிருந்து முதலில் வெளியேறுவது விதை தரக்கூடிய செடிகள். ஏற்கெனவே சிறிய பரப்பில் மட்டும் இருந்த இனம் என்றால் சில பருவங்களே போதும். கிழங்கு தோண்டியதுதான் ஸ்ப்ரெங்கெரியின் முடிவுக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நிலம் மாறியதும் கூடச் சேர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே வருவதுதான் வழக்கம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் ஒருவர் உண்டு. யொஹான்னஸ் மனிஸ்ஸாஜியன். அமாஸ்யாவுக்குப் பக்கத்தில் மெர்ஸிஃபோன் என்ற ஊரில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய அனத்தோலியா கல்லூரியின் ஆர்மீனியப் பேராசிரியர். தாவரங்களைச் சேகரித்தார், கல்லூரியில் ஓர் இயற்கை அருங்காட்சியகத்தையே உருவாக்கினார், ஐரோப்பிய நிறுவனங்களுக்குக் கிழங்குகளையும் அனுப்பினார். அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தச் செடியைப் பெயரிட்ட லண்டனைவிட, விற்ற நேப்பிள்ஸைவிட, அது நின்ற மலையை அறிந்திருந்தவர் அவர். எந்தச் சரிவு, எந்தப் பருவம், என்ன மண் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1915 வந்தது. கல்லூரியின் ஆர்மீனிய ஆசிரியர்களையும் மாணவர்களையும் துரத்தினார்கள், கொன்றார்கள். மனிஸ்ஸாஜியன் பிழைத்தார். தான் உருவாக்கிய அருங்காட்சியகத்தின் பொருட்களையெல்லாம் கையால் எழுதிப் பட்டியலிட்டுவிட்டு, அமெரிக்காவுக்குப் போனார், திரும்பவில்லை. கல்லூரி கிரேக்கத்தின் தெஸ்ஸலோனிகிக்கு இடம்பெயர்ந்தது. அந்தப் பட்டியலை மையமாக வைத்து 2016-இல் இஸ்தான்புல்லில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதற்கு வைத்த பெயரின் பொருள் 'வெற்றுக் களங்கள்'. தகவல் பட்டியலில் நிரப்ப முடியாமல் விடப்பட்ட கட்டங்களையும் அது குறிக்கும், ஆளில்லாத வயல்களையும் குறிக்கும்.

மனிதர்களின் அழிவையும் ஒரு பூவின் அழிவையும் ஒரே தராசில் வைக்கும் வேலையை நான் செய்யப்போவதில்லை. அது அசிங்கம். நான் சொல்வது சாதாரணமான ஒன்று. ஒரு செடி எங்கே, எப்படி இருந்தது என்ற அறிவு அந்த நிலத்தில் நடமாடிய மனிதர்களிடம் இருக்கிறது. அவர்களை அங்கிருந்து பிடுங்கினால் அந்த அறிவும் பிடுங்கப்படும். அதற்குப் பிறகு தேடிப் போகிறவர் வெறும் கண்ணோடுதான் போகிறார். "தோட்டத்தில் இருக்கே" என்று சொல்கிறவர் செடியை மட்டும் எண்ணுகிறார். அந்த நூற்றாண்டு அமாஸ்யாவிலிருந்து எவ்வளவு எடுத்துப்போனது என்ற கணக்கு அவர் கண்ணில் படுவதே இல்லை.

சரி, எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைக்கிறேன். அது முட்டாள்தனமான வாதம் அல்ல. இப்படிச் சொல்வார்கள்: "வியாபாரி எடுத்துப்போகாமல் இருந்திருந்தால், அந்த மலையே இன்று ஆப்பிள் தோட்டமாகவோ சாலையாகவோ ஆகியிருக்கலாம், செடி மொத்தமாகப் போயிருக்கும். எடுத்ததால்தான் மிஞ்சியது. நோக்கம் காசுதான், விளைவு நல்லது. தவிர, இது ஐ.சி.யூ-வில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் செடி இல்லை. தானாக முளைத்துப் பெருகிக்கொண்டிருக்கிறது. சந்தோஷமாக இருக்கிற ஒன்றைப் பார்த்து ஏன் ஒப்பாரி?"

இதில் முதல் பாதி, நடக்காத ஒன்றை வைத்துக் கட்டிய கோட்டை. எடுத்துப்போகாவிட்டால் அழிந்திருக்கும் என்று சொல்ல என்ன ஆதாரம்? எடுத்துப்போனார்கள், அழிந்தது. நடந்தது இதுதான். வீட்டுக்குள் புகுந்து நகையை எடுத்துக்கொண்டு போனவர், பிற்பாடு அந்த வீட்டில் தீப்பிடித்ததைக் காட்டி, "பாத்தீங்களா, நான்தான் காப்பாத்தினேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுவும் தீப்பெட்டியும் அவர் கையில் இருந்திருக்கும் பட்சத்தில்?

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். தோட்டத்தில் சந்தோஷமாக இருப்பது எது? இன்று உலகத் தோட்டங்களில் இருக்கும் ஸ்ப்ரெங்கெரி எல்லாம் அந்தச் சில வருட ஏற்றுமதியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதற்குப் பிறகு மலையிலிருந்து புது ரத்தம் வரவே இல்லை, வரவும் முடியாது. அந்த மலையில் ஓர் ஓரத்தில் குளிர் தாங்கியவை, இன்னோர் ஓரத்தில் வறட்சி தாங்கியவை, கொஞ்சம் முன்னால் பூத்தவை, பின்னால் பூத்தவை என்று எத்தனை விதம் இருந்திருக்கும். கூடையில் வந்தது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியிலிருந்தும் தோட்டம் தனக்குப் பிடித்ததைத்தான் தேர்ந்தெடுக்கிறது. ஈர மண்ணில் அழுகாதது, சுலபமாக முளைப்பது, தோட்டக்காரரின் கைப்பழக்கத்துக்கு ஒத்துவருவது. நூறு வருடமாக இங்கிலாந்து மழைக்குப் பிழைத்தது இங்கிலாந்துக்கு ஏற்றபடி மெல்ல மாறிக்கொண்டேதான் இருக்கும். அது செடியின் தப்பில்லை. ஆனால் அதைக் காட்டி "அமாஸ்யாத் துலிப் பத்திரமா இருக்கு" என்று சொல்வது தப்பு.

பூ தனியாக வாழ்வதும் இல்லை. கிழக்கு மத்தியதரைப் பகுதியில் சிவப்புத் துலிப், சிவப்பு அனிமோன், சிவப்புப் பாப்பி எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குடும்பங்களாக இருந்தும் பார்ப்பதற்கு ஒரே சாயலில் இருக்கின்றன. அகலமான கிண்ணம், பளீர்ச் சிவப்பு. காரணம், சிவப்பைத் தேடி வரும் ஒரு வகை வண்டு. அவை பூவுக்குள் புகுந்து உருண்டு, மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகின்றன. இஸ்ரேலில் தாவரவியலாளர்கள் இதை நிறம் பூசிய பொறிகளை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதாவது அந்தச் சிவப்பு நமக்காகவோ அழகுக்காகவோ வந்தது இல்லை, ஒரு வண்டோடு நடந்த நீண்ட பேரம் அது. செடியைப் பெயர்த்துத் தொட்டியில் வைக்கும்போது அந்தப் பேரத்தின் ஒரு தரப்பை மட்டும் கூட்டிவருகிறோம். மறுதரப்பு மலையிலேயே நின்றுவிடுகிறது.

நமக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமும் இல்லை. குறிஞ்சி என்று ஒரு பூவைச் சொன்னால் மலையும் மலைசார்ந்த இடமும் வந்துவிடும் மொழி இது. முல்லை என்றால் காடு, மாடு, கார்காலம், மாலைப்பொழுது, காத்திருக்கும் பெண் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். பூவின் பெயரையே நிலத்துக்கு வைத்த மரபில் வந்துவிட்டு, நிலம் போனாலும் பூ இருக்கிறதே என்று ஆறுதல் அடைகிறோம் என்றால் எங்கேயோ எதையோ மறந்திருக்கிறோம். (நம் நவீன கவிதைகளில் துலிப் எப்போது வந்தாலும் அது யாரோ யாருக்கோ கொடுக்கும் பூங்கொத்தாகவே வருகிறது. திணையே இல்லாத பூ.)

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் வரும். "அப்போ சொந்த மண், சொந்த வேர், வந்தேறின்னு நீயும் அந்த அரசியலைத்தான் பேசறியா?" இல்லை. காஷ்மீரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வீடுகளுக்கும் மசூதிகளுக்கும் மரக்கூரை போட்டு, அதன்மேல் பூர்ஜ மரப்பட்டையைப் பரப்பி, அதற்கும் மேல் மண்ணைக் கொட்டுவார்கள். அந்தக் கூரைமண்ணில் ஐரிஸும் துலிப்பும் பூத்துக் கிடக்கும். பழைய பயணிகள் அதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூரைகளில் பூத்தவற்றில் ஒன்று துலிப்பா லனாட்டா. அதன் தாய்நிலம் மத்திய ஆசியா. மனிதர்கள் கொண்டுவந்து கூரையில் நட்ட வந்தேறிதான் அது. ஆனாலும் அதற்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. குளிர்காலப் பனி, வசந்தத்தில் ஈரம், கோடையில் காய்ந்த மண், கிழங்கைத் தொந்தரவு செய்யாத உயரம், அதைப் பராமரிக்கும் ஒரு பழக்கம். வாழிடம் என்று நான் சொல்வது இதைத்தான். அது பிறப்புச் சான்றிதழ் இல்லை. மனிதன் கட்டிய கூரைகூட ஒரு காட்டுப்பூவுக்கு வாழிடமாக முடியும், அந்த வாழ்க்கை முறை தொடர்ந்தால்.

பிறகு தகரம் வந்தது. மண்கூரை ஒழுகும், வருடா வருடம் பராமரிக்க வேண்டும், தகரம் அப்படி இல்லை. அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கூரைகள் தகரமாகிப்போன அதே ஸ்ரீநகரில், 2007-08 வாக்கில் தால் ஏரிக்கு மேலே சுமார் 30 ஹெக்டேரில் ஒரு துலிப் தோட்டத்தைத் திறந்தார்கள். ஆசியாவிலேயே பெரியது என்று பெருமை. கிழங்கு எங்கிருந்து? நெதர்லாந்திலிருந்து. சில வாரம் பூக்கும், ரீல்ஸ் எடுக்கலாம், முடிந்தது. அதே பள்ளத்தாக்கின் வயல் ஓரங்களில் துலிப்பா க்ளூசியானாவின் உறவு ஒன்று, வெள்ளை இதழின் முதுகில் சிவப்புக் கோடோடு, டிக்கெட் இல்லாமல் பூத்துக்கொண்டிருக்கிறது. க்ளூசியானா! லெய்டனில் கிழங்கு திருட்டுக்கொடுத்த அதே க்ளூசியஸின் பெயர். காஷ்மீரத்தின் வயல்பூவுக்கு ஹாலந்துக்காரர்களின் தோட்டக்காரர் பெயர், காஷ்மீரத்தின் தோட்டத்துக்கு ஹாலந்துப் பூ. துருக்கியிலும் இதே கூத்துதான். ஒவ்வோர் ஏப்ரலிலும் இஸ்தான்புல் பூங்காக்களில் லட்சக்கணக்கான துலிப்புகளை நட்டு விழா எடுக்கிறார்கள். எவ்வளவு அதிகமாகத் துலிப்பைக் காட்டுகிறோமோ அவ்வளவு சுலபமாக ஒரு துலிப் காணாமல் போனதை மறைக்கலாம்.

அமாஸ்யாவுக்கு நேரம் கடந்துவிட்டது. ஆனால் மேலே சொன்ன வாக்கியம் இன்னும் உயிரோடு இருக்கிறது, இன்னும் வேலை செய்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம். அது இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் இடம் மத்திய ஆசியா.

அங்கே துலிப்பா கிரெய்கி என்று ஒன்று. இலையில் ஊதாக் கோடுகள் தீற்றியிருக்கும், பூ பெரிதாகச் சிவந்திருக்கும். 1873-இல் எட்வார்ட் ரெகல் பெயரிட்டார். இங்கேயும் பெயர் ரஷ்யத் தோட்டக்கலைச் சங்கத்தின் தலைவராக இருந்த கிரெய்க் என்பவருடையது. ஹாலந்துச் சந்தையில் 'கிரெய்கி வகை' என்றே தனிப்பிரிவு இருக்கிறது. இலையில் கோடுள்ள குட்டைத் துலிப்பை எங்காவது தொட்டியில் பார்த்தீர்கள் என்றால் அநேகமாக அது இதன் வாரிசு. கசகஸ்தானில் அக்ஸு-ஜபாக்லி என்ற காப்பகம் 1926-இலேயே தொடங்கப்பட்டது. அங்கே மலைச்சரிவுகளில் கிரெய்கி இன்னும் தன் பாட்டுக்குப் பூக்கிறது. மூன்று நாடுகளின் மேற்குத் தியென் ஷான் மலைப்பகுதிகளைச் சேர்த்து 2016-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. நல்ல விஷயம். ஆனால் துலிப்புகள் காப்பக வேலிக்குள் மட்டும் வளர்வதில்லை. ஊருக்குப் பக்கத்துச் சரிவுகளிலும் வளர்கின்றன. அங்கே வசந்தத்தில் ஜனங்கள் கை நிறையப் பறித்துப்போகிறார்கள், பிஷ்கெக் போன்ற நகரங்கள் மலையடிவாரத்தை நோக்கி வீங்குகின்றன, ஆடுமாடுகள் மேய்கின்றன.

மேய்ச்சல் என்றதும் சட்டென்று மேய்ப்பவர் மேல் பழியைப் போடுவது வழக்கம். கொஞ்சம் நில்லுங்கள். கிர்கிஸ்தானின் நிலத்தில் ஏறக்குறைய பாதி மேய்ச்சல் நிலம். ஆண்டாண்டு காலமாக மந்தைகள் கோடையில் உயரத்துக்கு, ஜைலோ என்ற கோடைப்புல்வெளிகளுக்குப் போய்விடும். கீழ்ச்சரிவு மூச்சுவிடும். 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு லாரி இல்லை, டீசல் இல்லை, பாலம் பழுது, சேர்ந்து போவதற்குக் கூட்டுப்பண்ணையும் இல்லை. ஐந்து ஆடு, இரண்டு மாடு வைத்திருப்பவர் எப்படி அவ்வளவு தூரம் ஓட்டிப்போவார்? ஊரைச் சுற்றியே மேய்கிறது. அதுவும் குளிர்காலத் தீவனம் தீர்ந்து, பசித்த மந்தை வெளியே வரும் வசந்தத்தில். துலிப் பூப்பதும் அப்போதுதான். பூவைத் தின்றால் விதை இல்லை. விதை இல்லையென்றால் கிழங்கு வயதாகி ஒருநாள் நிற்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் சில வருடம் எதுவுமே தெரியாது. பூக்கள் இருந்துகொண்டுதான் இருக்கும்.

ஆக அங்கே துலிப்பைக் காப்பது என்பது பாலத்தைச் சரிசெய்வது, ஜைலோவுக்குப் போகும் பாதையைத் திறப்பது, வசந்தத்தில் சில வாரம் ஒரு சரிவை விட்டுவைக்க மேய்ப்பவர்கள் ஒத்துக்கொள்வது. 2009-இன் மேய்ச்சல் நிலச் சட்டப்படி இதை முடிவு செய்யும் அதிகாரம் அங்கே ஊர் மேய்ச்சல் குழுக்களிடம் இருக்கிறது. அவர்களோடு உட்கார்ந்து பேசுகிற சிலரும் இருக்கிறார்கள். பேச்சு நடப்பது டீக்கும் ரொட்டிக்கும் நடுவில், ஆட்டின் எண்ணிக்கையைப் பற்றி. போட்டோவுக்கு உகந்த வேலையே இல்லை. இதற்குப் பணம் கேட்டுப் போனால்தான் அந்த வாக்கியம் வந்து நிற்கிறது. "விதை சேகரிச்சாச்சே, தோட்டத்துல வளர்த்துட்டோமே." விதை வங்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று என்பதற்காக யாரும் வீட்டைக் கொளுத்திக்கொள்வதில்லை.

காசுக்கு வருவோம். மத்திய ஆசியாவின் காட்டுத் துலிப்புகள் இல்லாமல் இன்றைய ஹாலந்துத் துலிப் இல்லை. உயரமான தண்டும் பெரிய பூவுமாகப் பூங்காக்களில் நிற்கும் 'டார்வின் ஹைப்ரிட்' வகை, உஸ்பெகிஸ்தான் பக்கத்து துலிப்பா ஃபாஸ்டெரியானாவைக் கலந்து இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கியது. கிரெய்கி வகை, காஃப்மானியானா வகை என்று பெயரிலேயே தியென் ஷானைச் சுமந்துகொண்டு விற்பவை தனி. வருடத்துக்குக் கோடிக்கணக்கான கிழங்குகள். மரபு வளத்தை எடுத்தவர்கள் அதன் நாட்டோடு பலனைப் பகிர வேண்டும் என்று சொல்லும் நகோயா உடன்படிக்கை 2014-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு எடுத்துப்போனதற்கெல்லாம் அது பொருந்தாது. நூறு வருடம் முன்னால் எடுத்ததற்குக் கணக்கே இல்லை. சட்டப்படி யாரும் யாருக்கும் ஒரு பைசா கடன்படவில்லை.

இப்போது சிலர் ஸ்ப்ரெங்கெரியை அமாஸ்யாவிலேயே திரும்ப நட்டுவிடலாமே என்கிறார்கள். செய்யட்டும். எந்த மலையில் என்று கேளுங்கள். அந்த மலை இப்போது யார் கையில், அங்கே யாருடைய ஆடு மேய்கிறது, நட்ட பிறகு முதல் விதை விழும்வரை ஐந்து வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள், பூத்த வாரத்தில் தோண்ட வருபவரை யார் தடுப்பார்கள் என்றும் கேளுங்கள். செடி எளிதாகக் கிடைக்கும், பொட்டலம் இணையத்திலேயே இருக்கிறது. தியென் ஷானில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் இன்றைக்கே பதில் இருக்கிறது. மலை எது என்று தெரியும், மேய்ப்பவரின் பெயர் தெரியும், பூக்கும் வாரம் தெரியும். ஒன்றுதான் பாக்கி. விதை முதிரும்வரை அந்தச் சரிவுக்குப் போகாத ஆடுகளுக்கு அந்தச் சில வாரமும் காய்ந்த புல் வாங்கிப்போட வேண்டும். அந்தப் புல்லின் விலையை யார் கொடுப்பது? கிரெய்கி என்று பெயர் போட்டு அட்டைப்பெட்டியில் கிழங்கு விற்பவர்களிடமிருந்து கேட்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஒரு பெட்டிக்குச் சில காசுதான் ஆகும்.